ஒரு நாள் தள்ளி வந்த அமாவாசை

தை 9, வியாழன். விருதுநகர்.

காலையில் பனி. ஏழரைக்கு மேல் வெயில். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டாயிற்று.

நாளை கிளம்புவதற்கு முன் மூன்று திருத்தங்கள். ஊரில் நடமாடும் பேச்சு இந்த நோட்டிலாவது சரியாக இருக்கட்டும்.

ஒன்று. மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு நான் கிளம்பவில்லை. மருமகள் சென்னையில். சண்டை வளரும் அளவுக்கு அவள் போனில் நிற்பதில்லை.

இரண்டு. திருச்செந்தூருக்குச் சைக்கிளில் வருவதாக வேண்டுதல் எதுவும் இல்லை. நான் மிதித்து முருகனுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

மூன்று. எனக்குக் கண் மங்கவில்லை. ஐப்பசியில் டாக்டர் பலகையின் கடைசி வரி வரை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதற்கும் கீழே பொடி எழுத்தில் அச்சிட்டவர் பெயர் இருந்தது. அதையும் வாசித்தேன்.

மூன்றாவது பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியும். திருத்தங்கல் அச்சகம். என் கொழுந்தனார் மகன் முத்துக்குமார் நடத்துவது. அங்கே தினசரிக் காலண்டருக்கு இருபத்திரண்டு வருடமாக நான்தான் புரூப் பார்க்கிறேன். வருடத்துக்கு 365 தாள். ஒவ்வொன்றிலும் திதி, நட்சத்திரம், ராகுகாலம், விசேஷம். பச்சை மையில் திருத்தி, கீழே கையெழுத்து. இந்த வருடக் காலண்டரில் தை அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கிறோம் என்று மார்கழியில் ஒரு கடிதம் வந்தது. காலண்டர் ஆர்டர் கொடுத்த திருச்செந்தூர்ப் பாத்திரக்கடைக்காரர் எழுதியது. அதற்குள் அத்தனையும் லோடு ஏறிப் போயாயிற்று.

முத்துக்குமார் எல்லாரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்தான். கம்ப்யூட்டரில் எழுத்து அடிப்பவள் செல்வராணி. ஆமத்தூர்க்காரி, முப்பத்தைந்து வயது, பதினொரு வருட வேலை. "பெரியம்மா திருத்துனதத்தான் போட்டேன்" என்றாள். "தாளைக் காட்டு" என்றேன். தாள் ஏது? புரூப் தாள் எல்லாம் காலண்டர்க் கட்டுகளுக்கு நடுவே பேக்கிங்குக்குப் போய்விடும். எப்போதும் அப்படித்தான். "நான் கையெழுத்துப் போட்ட தாளில் தவறு இருந்ததில்லை" என்றேன். எல்லாரும் கேட்கும்படி. செல்வராணியை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அதிலிருந்து எனக்கு மத்தியானத் தூக்கம் இல்லை. வயது.

எடுத்துக்கொள்வது: இரண்டு சேலை, துண்டு, குடை, காற்றடிக்கும் பம்ப், எள்ளுப் பொட்டலம், முழங்கால் தைலம், பச்சைப் பேனா (வழக்கம்), மகன் வாங்கிக் கொடுத்த செல்போன் (வேண்டா வெறுப்பாக).

தூத்துக்குடியில் பிலோமினா காத்திருக்கிறாள். கான்வென்ட் ஹாஸ்டலில் ஆறு வருடம் பக்கத்துக் கட்டில். மதரின் சைக்கிளில் இரண்டு பேரும் ஒன்றாக ஓட்டப் பழகினோம். "கடலோரமா ஒரு தடவை போவோம்" என்று ஐம்பது வருடமாக எழுதுகிறாள். அவசரம் இல்லாமல் ஊர் ஊராக, படகு கிடைத்த இடத்தில் படகு. ஒரே ஒரு நாள்தான் முக்கியம்: தை அமாவாசையன்று காலை திருச்செந்தூர்க் கடலில் இருக்கவேண்டும். என் கணவர் போய் ஒன்பதாவது தை அமாவாசை. மகன் எள்ளும் தண்ணீரும் இறைப்பதில்லை. அவனுக்காக நான் போய் ஐயரிடம் பெயர் சொல்லி விட்டுவிட்டு வருகிறேன்.

அது எங்கள் காலண்டர்ப்படி தை 14, செவ்வாய்; கடிதம் எழுதியவர் என்ன சொன்னாலும் அந்தத் தேதிதான் சரி.

தை 10, வெள்ளி. அருப்புக்கோட்டை.

ஆறு மணிக்குக் கிளம்பி மல்லாங்கிணறு வழியாக. முதல் ஐந்து கிலோமீட்டர் முழங்கால் முணுமுணுத்தது. பிறகு அதுவே சும்மா இருந்துகொண்டது. இரண்டு பக்கமும் கரிசல், கொத்தமல்லி பூத்திருக்கிறது. எதிர்க்காற்று இல்லை.

மல்லாங்கிணற்றில் டீ. கடைக்காரர் சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, பஸ்ஸு ஓடலையா?"

"ஓடுது."

"பெறகு எதுக்கு இம்புட்டுச் சிரமம்?"

"சிரமம்னு யார் சொன்னா?"

பெஞ்சில் இருந்த கிழவி பக்கத்துக்காரியிடம்: "மகன் கவனிக்கலை போல. மொகத்தப் பாரு, வைராக்கியம்." காதும் எனக்கு மங்கவில்லை.

சுவரில் எங்கள் காலண்டர். எழுந்து போய்த் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். தை 14. தடித்த எழுத்தில் தை அமாவாசை. அழகாகத்தான் இருந்தது.

"வரப்போற நாளயெல்லாம் அங்கன பெரட்டாதீக. ஆயுசு கொறையும்" என்றார் கடைக்காரர்.

"வருசம் பூராவையும் முன்னாலயே படிச்சுட்டுத்தான் ஒங்களுக்கு அனுப்புறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. டீயில் சீனி அதிகம்.

பதினொன்றரைக்கு அருப்புக்கோட்டை. அண்ணன் மகள் வீட்டில் சாப்பாடு. படுத்தேன். தூக்கம் வரவில்லை.

தை 11, சனி. தூத்துக்குடி.

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி வரை மிதித்தேன் என்று யாரும் பெருமை பேச வேண்டாம். சைக்கிள் பஸ் கூரையில், நான் உள்ளே ஜன்னலோரம். கண்டக்டர் சைக்கிளைக் கட்டிய முடிச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னேன். "அம்மா ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸா?" என்றான். இல்லை.

பஸ் நிலையத்தில் பிலோமினா. வெள்ளை முடி, அதே பல் இடைவெளி, என்னுடையதைவிடப் பழைய சைக்கிள். மணி இல்லை. வாய் போதுமாம்.

தை 12, ஞாயிறு. தூத்துக்குடி.

பிலோ பூசைக்குப் போய் வந்த பிறகு துறைமுகச் சாலையில் இருவரும். காற்றில் உப்பும் மீனும் டீசலும். முயல் தீவுப் பக்கம் போகலாம் என்றாள். வாயிலில் காவலர் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். திரும்பும்போது கையை நீட்டி, மணி அடித்து, ஒழுங்காகத் திரும்பினேன்.

"ஏட்டி சௌந்தரம், ரோட்டுல ஒரு காக்கா கூட இல்ல. யாருக்கு மணி அடிக்க?"

"பழக்கம்."

"அந்தக் காலத்துலயே மதர் இல்லாதப்பவும் மணி அடிப்ப நீ."

சாயங்காலம் மக்ரூன் வாங்கி வந்து மாடியில் உட்கார்ந்தோம். காலண்டர் விவகாரத்தைச் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து, விட்டுப்போகாமல். பிலோ வாயில் மக்ரூனோடு கேட்டாள்:

"அப்ப அந்தப் பொண்ணு பொய் சொன்னாளா?"

"பொய் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை."

"பொறவு?"

கடல் பக்கம் விளக்குகள் வந்தன. மக்ரூன் தீர்ந்தது.

தை 13, திங்கள். புன்னைக்காயல்.

வெயில், நல்ல காற்று. ஐந்தரைக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் உப்பளம். வெள்ளைக் குவியல்கள் மேல் கீற்று மூடியிருக்கிறது. பழையகாயல் வரை சாலை, பிறகு ஆற்றுப் பக்கமாக மண் பாதை. தாமிரபரணி கடலில் சேரும் இடம். அக்கரையில் புன்னைக்காயல், பிலோவின் தாய்மாமன் ஊர். படகுக்காரர் சூசை அவளுக்குத் தூரத்து உறவு, ஐம்பது வயது இருக்கும். சைக்கிள்களை வள்ளத்தில் குறுக்கே படுக்கப் போட்டார். என் சைக்கிள் மேல் தன் சட்டையைக் கழற்றிப் போட்டார், வெயில் படாமல் இருக்கவாம்.

நடு ஆற்றில் தண்ணீர் வற்றி, வள்ளம் தரை தட்டியது. ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டார். சிறிய தீவுதான். ஒரு பக்கம் அலையாத்திச் செடி, மறுபக்கம் கொக்குகள்.

"ரெண்டு மணி நேரம் இரிங்க ஆச்சி. தண்ணி ஏறட்டும். இன்னிக்கு அமாவாசைல்லா, வத்துறதும் பெருசு, ஏறுறதும் பெருசு."

"அமாவாசை நாளைக்கு" என்றேன்.

"இன்னிக்குத்தான்."

"காலண்டரில் நாளைக்குத்தான் போட்டிருக்கு."

சூசை சிரித்துவிட்டார். "கடலுக்கு யாரு ஆச்சி காலண்டர் மாட்டிருக்கா? திருச்செந்தூருக்கு விடிய முன்ன இருந்து வேன் வேனாப் போவுது. நீங்க பாக்கலியா?"

பார்த்தேன். சாலையில் ஏழெட்டு வேன்கள். தலைகளில் ஈரத் துண்டு, திரும்பி வருபவர்கள். பாதயாத்திரைக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன். என்ன நினைக்கவேண்டுமோ அதை நினைத்துக்கொண்டேன் என்று எழுதுவதே சரி.

திட்டில் எலுமிச்சைச் சாதம். பிலோ குடையை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிவிட்டாள். நான் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணலில் ஒரு குச்சி நட்டு, அது நனையும் வரை. ஒன்றரை மணிக்கு நனைந்தது. சூசை சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால்.

தை 14, செவ்வாய். திருச்செந்தூர்.

காயல்பட்டினம் வழியாக. எட்டரைக்குக் கடற்கரை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கரையில் கூட்டம் இருந்தது, சாதாரணக் கூட்டம். மணலெல்லாம் வாழையிலை, தர்ப்பை, காய்ந்த மாலை. காக்கைகளுக்குப் பசியே இல்லை. பெருக்குபவர்கள் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஐயர் மட்டும் தடுக்கைச் சுருட்டிக்கொண்டு நின்றார். தை அமாவாசைக்கு எள் இறைக்க வேண்டும் என்றேன்.

"நேத்தே ஆயிடுத்தேம்மா."

"இன்று காலை ஒன்பது நாற்பத்தேழு வரை அமாவாசை இருக்கிறதே." அந்த வரி எனக்கு மனப்பாடம்.

"திதி இருக்கு. யார் இல்லேன்னா? ஆனா பித்ரு காரியத்துக்கு மத்தியானத்துல எந்தத் திதியோ அதான் கணக்கு. நேத்து மத்தியானம் அமாவாசை. இன்னிக்கு மத்தியானம் பிரதமை வந்துடும். சூரிய உதயத்தைப் பார்த்துப் போடறது மத்த விசேஷத்துக்கு."

என் முகத்தைப் பார்த்து, "பரவாயில்லை, இன்னும் ஒரு மணி நேரம் திதி இருக்கு. உட்காருங்கோ" என்று தடுக்கைத் திரும்ப விரித்தார்.

உட்கார்ந்தேன். மகன் பெயர், என் கணவர் பெயர், இவர் அப்பா பெயர். எள்ளும் தண்ணீரும். ஒரு நாள் தாமதம். கல்யாணத்துக்கே முகூர்த்தம் தவறும் நேரத்துக்கு வந்தவர் இவர். இவருக்குக் குறை இருக்காது. கடலில் முழுகி எழுந்தேன். அலை கண்ணாடியைப் பறிக்கப் பார்த்தது, பிடித்துக்கொண்டேன்.

சூரிய உதயத்தைப் பார்த்துப் போடுவது.

அது என்னுடைய விதி. காலையில் எந்தத் திதியோ அதுவே அந்த நாளின் திதி. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நானாக வகுத்துக்கொண்டது. ஒழுங்காக இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டேன். இத்தனை வருடமும் அது எங்கேயும் இடிக்காமல் போனது அதிர்ஷ்டம். அல்லது இடித்தும் யாரும் எழுதவில்லை.

ஈரச் சேலையோடு நேராக அந்தப் பாத்திரக்கடைக்குப் போனேன். பிலோ பின்னாலேயே "ஏட்டி, துணியையாவது மாத்து" என்று கத்திக்கொண்டு வந்தாள். கடைக்காரர் திருநீறு, மூக்குக்கண்ணாடி, நல்ல மனிதர்.

"நான் உங்கள் காலண்டருக்குப் புரூப் பார்த்தவள்" என்றேன்.

அவர் கலவரப்பட்டு நாற்காலி போட்டார். "அய்யோ, அதுக்காகவா அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திய? நான் கோவத்துல எழுதல அம்மா. காலண்டர்ல எங்க கடை பேருல்லா இருக்கு, அதான்."

காலண்டரை வாங்கித் தாள்களைத் தள்ளினேன். ஆடி மாதம். ஆடி அமாவாசை, தடித்த எழுத்தில். அதன் கீழே பொடி எழுத்தில்: அமாவாசை காலை 7.52 வரை. அதாவது முந்தின நாள் மத்தியானமே அமாவாசை. அதையும் ஒரு நாள் தள்ளித்தான் போட்டிருக்கிறது.

கை தவறினால் ஓர் இடத்தில் தவறும். இரண்டு இடத்தில் ஒரே மாதிரி, ஒரே விதிப்படி வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் அடிப்பவளுக்கு அந்த விதி தெரியாது. அந்த அச்சகத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு நினைவும் வந்தது. புரட்டாசியில் ஒரு சாயங்காலம், கரண்ட் போய் வந்த பிறகு. அவள் சரியாகத்தான் அடித்திருந்தாள். நான்தான் பச்சை மையில் அம்புக்குறி இழுத்து அடுத்த நாளுக்கு இறக்கினேன். "பஞ்சாங்கத்துல முந்தின நாள்னு இருக்கே பெரியம்மா" என்றுகூடச் சொன்னாள். "சொன்னதைச் செய்" என்றேன்.

கடைக்காரரிடம் கேட்டேன்: "நேற்று எத்தனை பேர் வராமல் இருந்துவிட்டார்கள்? இந்தக் காலண்டரால்?"

"அட நீங்க வேற. கோயில் மைக்குல ஒரு வாரமா அலறிட்டுத்தான இருந்தாங்க. காலண்டரப் பாத்து ஏமாந்தது நீங்க ஒரு ஆளுதான்."

பிலோ சிரித்தாள். கடைக்காரரும். எனக்கும் வந்தது. பித்தளைக் குடங்களுக்கு நடுவே, சேலையிலிருந்து கடல் சொட்ட, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன்.

தை 15, புதன். மணப்பாடு.

மேகம். குலசேகரன்பட்டினம் வழி, பிலோவின் பின் டயர் ஒரு பஞ்சர். பம்ப் என்னிடம் இருந்தது நல்லதாயிற்று. சுனாமிக்குப் பிறகு கட்டிய காலனி வீட்டு வாசலில் ஒருவர் ஒட்டிக்கொடுத்தார்.

மணப்பாட்டில் பிலோவின் அக்காள் வீடு. மீன் குழம்பு வேண்டாம் என்றதற்கு அக்காள் இன்னும் வருத்தப்படுகிறாள்.

மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். மார்கழிக்குப் பிறகு முதல் தடவை. ஆகவே காரணம் வயது அல்ல. முதல் நாள் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

எழுந்து மணல் மேட்டில் ஏறி நின்றோம். கீழே வள்ளங்கள். ஒன்று கரையேறும்போது எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். பிலோ: "இப்ப மொகத்தப் பாரு. வரும்போது பரீட்சைக்கு வந்தவ மாதிரி இருந்த."

செல்போனில் முத்துக்குமாரைப் பிடித்தேன். தவறு என்னுடையது என்றேன்.

"விடுங்க பெரியம்மா. அது முடிஞ்ச கதை. எங்கன இருக்கீக? சாப்பிட்டீகளா?"

"ஆடி அமாவாசையும் தப்பு. அது முடியாத கதை."

"ஆடிக்கு அம்புட்டு மாசம் கெடக்கு. செல்வராணி வேற எடத்துக்குப் போயிருக்கும். இப்பப் போயி ஒங்க பேரை நீங்களே கெடுத்துக்கணுமா?"

கெடட்டும் என்றேன். அதற்குள் லைன் அறுந்தது. கேட்டானா தெரியாது.

தை 16, வியாழன். பஸ்ஸில்.

திருநெல்வேலி வழியாக விருதுநகர். சைக்கிள் கூரையில். முடிச்சைக் கவனிக்கவே இல்லை. ஊர் வந்த பிறகுதான் நினைவு வந்தது. சைக்கிள் இருந்தது. பிலோ பங்குனியில் இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கடல் இல்லாத ஊரில் என்ன காட்டுவது? மிளகாய் மண்டி.

தை 17, வெள்ளி. ஆமத்தூர் போய் வந்தது.

சைக்கிளில்தான். பஸ்ஸில் போயிருக்கலாம். தப்பு செய்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்து போகக்கூடாது என்று தோன்றியது.

தெருவில் விசாரித்தேன். செல்வராணி இப்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டப் போகிறாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவாள் என்று அவள் அம்மா வாசலில் நிறுத்தியே சொன்னாள்.

"வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க" என்று பிறகு அவளே. பிறகு: "எம் மக பொய்க்காரின்னு சொன்ன வீட்டுக்காரவுக நீங்கதான?"

"நான்தான்."

"சைக்கிள்லயா வந்தீக?"

"ஆமாம்."

மோர் கொடுத்தாள். உப்பு சரியாக இருந்தது.

ஒன்றேகாலுக்குச் செல்வராணி. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நானும் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்லும் விஷயம் இல்லை.

"நீ சரியாக அடித்திருந்தாய். நான்தான் தப்பாகத் திருத்தினேன். மேசையில் நான் சொன்னதும் தப்பு. மன்னிக்கணும்."

அவள் கையைக் கழுவினாள். பசை போகும் வரை தேய்த்துக் கழுவினாள்.

"அன்னைக்கே சொன்னேன்ல பெரியம்மா."

"சொன்னாய்."

"அம்புட்டுப் பேரும் என்னையத்தான் பாத்தாக. மெஷின்மேன் உள்பட."

அவள் அம்மா சமையலறையிலிருந்து: "நல்லாக் கேளு."

திரும்ப வருவாயா என்று கேட்டேன். ஆடி அமாவாசைக்குச் சரியான தேதியோடு ஒட்டுத்தாள் அடித்து, காலண்டர் வாங்கிய கடைகளுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். அதை அவள்தான் அடிக்கவேண்டும், நான் பார்க்கமாட்டேன், பஞ்சாங்கம் கணித்தவரே பார்க்கட்டும் என்றேன்.

யோசித்துச் சொன்னாள்: "வருவேன். ஆனா மொதலாளி போன் போட்டு வான்னா வரமாட்டேன். அம்புட்டுப் பேர் முன்னாலயும் போகச் சொன்னாக. வரச் சொல்றது எழுத்துல இருக்கணும். நாளைப்பின்ன யாரும் தாளைக் காட்டுன்னு கேட்டா, எங்கிட்டத் தாள் இருக்கணும்ல?"

நியாயம். என் வாயில் வந்ததை என்னிடமே திருப்பித் தந்தாள். ஒரு வார்த்தை கூட்டிக் குறைக்கவில்லை. இவளை இழந்த அச்சகம் எப்படி உருப்படும்?

திரும்பும்போது காற்று முதுகில். வழியெல்லாம் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை.

தை 18, சனி. விருதுநகர்.

வெயில். துணி துவைத்தேன். சைக்கிள் ரிம்மில் கடல் மணல் இன்னும்.

முத்துக்குமாருக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல்:

"அன்புள்ள முத்துக்குமார்,

தை அமாவாசையையும் ஆடி அமாவாசையையும் ஒரு நாள் தள்ளியது என் திருத்தம். செல்வராணி சரியாக அடித்ததை நான் மாற்றினேன். அவள் எச்சரித்தும் கேட்கவில்லை. பிறகு மேசையில் மறுத்தேன். இந்தக் கடிதத்தை அதே மேசையில் எல்லாரும் இருக்கும்போது வாசிக்கவும். நீயே வாசி, வேறு யாரிடமும் கொடுக்காதே. இனிமேல் புரூப் தாள்களை ஒரு வருடமாவது அச்சகத்தில் வைத்திருக்கவும். பேக்கிங்குக்கு வைக்கோல் போதும்.

செல்வராணியை எந்தத் தேதியிலிருந்து, எந்தச் சம்பளத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறாய் என்பதை அவளுக்கு ஒரு பிரதியும் எனக்கு ஒரு பிரதியுமாகக் கையெழுத்திட்டு அனுப்பவும். போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். எழுத்தில் பதில் வேண்டும்."